மணலி, எண்ணூர் கம்பெனி இண்டர்வியூ: போய் வந்தவர்கள் ஆளுக்கு ஒன்று சொல்வது ஏன்?

கேள்வி இது: தம்பி ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறான், வீடு திருவொற்றியூர். மணலி பக்கம் ஒரு தொழிற்சாலையிலிருந்து இண்டர்வியூவுக்கு வரச் சொல்லி மெசேஜ் வந்திருக்கிறது. ஏற்கெனவே அங்கே போய் வந்தவர்களைக் கேட்டால் ஒருவர் "பேரு, ஊரு கேட்டாங்க, அவ்ளோதான்" என்கிறார். இன்னொருவர் "காலையில போனா சாயங்காலம் வரைக்கும் டெஸ்ட்டு, ஃபைல் போட்டு கையே போச்சு" என்கிறார் (ஃபைல் என்றால் இரும்பைத் தேய்க்கும் அரம்). மூன்றாமவரிடம் பணம் கேட்டிருக்கிறார்கள். நான்காமவர் "செலக்டட்னு சொன்னாங்க, மூணு மாசமா ஃபோனே இல்ல" என்கிறார். யார் சொல்வதை நம்புவது, எதற்குத் தயாராவது?

நாலு பேர் சொல்வதும் உண்மையாக இருக்கலாம். கம்பெனி ஒன்று, கேட் ஒன்று. உள்ளே ஆள் எடுக்கும் வழிதான் பல. அப்ரண்டிஸாக (தொழில் பழகுநராக) எடுப்பார்கள், டிரெய்னி என்றோ குறிப்பிட்ட கால ஒப்பந்தம் என்றோ கம்பெனி ரோலில் (கம்பெனியே சம்பளம் போடும் பட்டியலில்) எடுப்பார்கள், கான்ட்ராக்டர் மூலமும் எடுப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் இண்டர்வியூ வேறு, அதில் ஆள் கழியும் காரணமும் வேறு. ஆகவே "என்ன கேப்பாங்க" என்று அலைவதற்கு முன், மெசேஜ் வந்த எண்ணுக்கே கூப்பிட்டு உங்கள் தம்பி கேட்க வேண்டியது இதுதான்: "சார், இது அப்ரண்டிஸா, கம்பெனி ரோலா, கான்ட்ராக்டா? சம்பளம் யார் போடுவாங்க? டிரேட் டெஸ்ட் உண்டா?" டிரேட் டெஸ்ட் என்றால் கையால் வேலை செய்து காட்டும் சோதனை. உள்ளபடி பதில் வந்தால் நல்லது. "வா தம்பி, நேர்ல பேசிக்கலாம்" என்று மழுப்பினால், பேசுவது கம்பெனி எச்.ஆர். இல்லை, ஆள் சேர்த்துக் கொடுக்கும் ஏஜென்சி என்று வைத்துக்கொள்ளலாம். ஏஜென்சி என்பதாலேயே மோசம் என்று சொல்லவில்லை. ஆனால் அங்கே நடப்பதை இண்டர்வியூ என்று சொல்வது கொஞ்சம் அதிகம்.

முதல் ஆளின் அனுபவம் அப்ரண்டிஸுக்குப் பொருந்தும். 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழுள்ள விதிகளை 2019இல் திருத்தினார்கள். அதன்படி 30 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 விழுக்காடு வரை அப்ரண்டிஸ் எடுத்தே ஆக வேண்டும். கணக்கை நிரப்ப வேண்டிய நேரத்தில் கம்பெனி பார்ப்பது என்.டி.சி. (ஐ.டி.ஐ. முடித்ததற்கான தேசியத் தொழிற்சான்றிதழ்), வயது, ஆதார், ஷிஃப்டுக்கு வருவானா என்பதுதான். அதனால்தான் பேர் ஊரோடு பேச்சு முடிகிறது. அதே திருத்தத்தில் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000, டிப்ளமோவுக்கு 8,000, டிகிரிக்கு 9,000 ரூபாய் என்று குறைந்தபட்ச உதவித்தொகை நிர்ணயித்தார்கள். பெரிய தொழிற்சாலைகள் இதற்கு மேலேயே கொடுக்கின்றன. ஃபிட்டருக்குப் பொதுவாக ஓராண்டு. ஒப்பந்தம் அரசின் அப்ரண்டிஸ்ஷிப் இணையதளத்தில் பதிவாக வேண்டும். தம்பியின் லாகின்னில் அது தெரியும். தெரியவில்லை என்றால் அவன் அப்ரண்டிஸ் இல்லை, அப்ரண்டிஸ் என்ற பெயரில் குறைந்த சம்பளத்துக்கு வேலை செய்பவன். ஓராண்டு முடிந்து தேர்வு எழுதினால் கிடைக்கும் என்.ஏ.சி. (தேசிய அப்ரண்டிஸ்) சான்றிதழும் அப்போது வராது.

அப்ரண்டிஸ் முடித்ததும் அதே கம்பெனி வேலை கொடுத்தாக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. "ஒரு வருஷம் இருந்தா பெர்மனன்ட் ஆயிடும்" என்று யாராவது சொன்னால், அதை எழுத்தில் கேளுங்கள். பேச்சு அதோடு நின்றுவிடும்.

கான்ட்ராக்ட் ரோலில் நிலவரம் வேறு. தமிழ்நாட்டில் 1981ஆம் ஆண்டின் நிரந்தரத் தகுதிச் சட்டம் இருக்கிறது. 24 மாதத்துக்குள் 480 நாள் தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரம் ஆக்க வேண்டும் என்பது அதன் சாரம். அந்தக் கோட்டைத் தொடவிடாமல் பலரைப் பாதியில் நிறுத்தி, இடைவெளி விட்டு, வேறு பெயரில் திரும்ப எடுப்பதைப் பார்க்கலாம். ஆள் மாறிக்கொண்டே இருப்பதால் இண்டர்வியூவும் மாதாமாதம் நடந்துகொண்டே இருக்கும். ஒரே கம்பெனிக்கு வருஷம் முழுக்க ஆள் தேவை என்று விளம்பரம் வந்தால் தொழிற்சாலை விரிவடைகிறது என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம்.

இடையில் ஒன்று. மணலியில் உள்ள மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களையும் பெரம்பூரில் ரயில் பெட்டி செய்யும் ஐ.சி.எஃப்.பையும் இந்தப் பேச்சோடு குழப்பிக்கொள்கிறார்கள். மத்திய அரசிலும் பொதுத்துறையிலும் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்முகத் தேர்வே கிடையாது. எழுத்துத் தேர்வும், தகுதி பெற்றாலே போதும் என்ற அளவில் ஒரு திறன் தேர்வும்தான். ஐ.சி.எஃப். அப்ரண்டிஸுக்கு மதிப்பெண் வரிசைதான். அதை முடித்தவர்களுக்கு ரயில்வேயின் லெவல் 1 (கடைநிலை) பணிகளில் 20 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. அங்கே "இண்டர்வியூல சொல்லி வைக்கிறேன்" என்று ஒருவர் வந்தால், நடக்காத இண்டர்வியூவுக்குச் சிபாரிசு விற்கிறார் என்று அர்த்தம்.

இனி தயாரிப்பு. ஆள் கழிவது பேனல் (கேள்வி கேட்கும் குழு) முன்னால்தான் என்று எல்லாரும் நினைக்கிறார்கள். நிறையப் பேர் கழிவது காகிதத்தில். நம் ஊரில் பெயருக்கு முன்னாலோ பின்னாலோ இனிஷியல். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் "கார்த்திக் ஆர்", ஆதாரில் "கார்த்திக் ராஜேந்திரன்", வங்கிக் கணக்கில் "ஆர் கார்த்திக்" என்று இருந்தால் மூன்றும் ஒரே ஆள் என்று நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அப்ரண்டிஸ் உதவித்தொகையில் அரசின் பங்கு 25 விழுக்காடு, மாதம் 1,500 ரூபாய்க்கு மிகாமல். அது ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்குக்கு நேராக வருகிறது. பி.எஃப். எண்ணும் ஆதார்ப் பெயரை வைத்தே உருவாகிறது. பிறந்த தேதியில் ஒரு நாள் வித்தியாசம் இருந்தாலும் பதிவு நிற்கும். எச்.ஆர். இரண்டு நாள் பார்ப்பார், பிறகு பட்டியலில் அடுத்த பையனைக் கூப்பிட்டுவிடுவார். ஆகவே சான்றிதழில் உள்ளபடி ஆதாரை முதலில் திருத்துங்கள், பிறகு வங்கி. ஆதாரில் கைபேசி எண் இப்போது கையில் இருக்கும் எண்ணாக இருக்கட்டும். ஓ.டி.பி. வராமல் நிற்பவர்கள் ஒவ்வொரு பேட்சிலும் உண்டு.

தம்பி முன்பு எங்காவது இரண்டு மாதம் கான்ட்ராக்டில் இருந்திருந்தால் அவனுக்கு ஏற்கெனவே 12 இலக்க யு.ஏ.என். (பி.எஃப். எண்) இருக்கலாம். "ஃப்ரெஷர் சார்" என்று சொல்லிவிட்டு, ஆதாரைப் போட்டதும் பழைய எண் வந்து நின்றால் பொய்யன் ஆகிவிடுவான். உள்ளதைச் சொல்வதால் இழப்பு இல்லை. பழைய இடத்தில் விலகிய தேதி பதிவாகியிருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளட்டும்.

எடுத்துப் போக வேண்டியவை: பத்தாம் வகுப்பு, ஐ.டி.ஐ. மதிப்பெண் பட்டியல், என்.டி.சி., டி.சி., ஆதார், பான், வங்கி பாஸ்புக் முதல் பக்கம், சாதிச் சான்றிதழ் இருந்தால் அதுவும். ஒவ்வொன்றிலும் இரண்டு நகல், பாஸ்போர்ட் அளவுப் படம் ஆறு. ஒரிஜினலைக் காட்டலாம், கொடுத்துவிட்டு வரக்கூடாது. "ஜாயின் பண்ற வரைக்கும் எங்ககிட்ட இருக்கட்டும்" என்று எந்த நல்ல கம்பெனியும் கேட்காது. கேட்டால் எழுந்து வரலாம்.

9 மணிக்கு வரச் சொன்னால் எட்டே காலுக்குக் கேட்டில் இருக்க வேண்டும். எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரி வரிசை நின்றுவிட்டால் பஸ்ஸை நம்ப முடியாது. ரயில் பாதைக்கு அருகில் இருக்கும் கம்பெனி என்றால் கும்மிடிப்பூண்டி மார்க்கத்து மின்சார ரயிலில் விம்கோ நகர், கத்திவாக்கம், எண்ணூர், அத்திப்பட்டு என்று இறங்குவது மேல். பைக்கில் போனால் ஹெல்மெட் போட்டே கேட்டை நெருங்க வேண்டும். செக்யூரிட்டி அதைக் குறித்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. பெட்ரோ கெமிக்கல், எரிவாயு ஆலை என்றால் பாக்கெட்டில் தீப்பெட்டி, லைட்டர் இருக்கவே கூடாது. செல்ஃபோனைக் கேட்டிலேயே வாங்கி வைப்பார்கள், கேமராவில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அதனால் விவரங்களைச் செல்லில் மட்டும் வைத்துக்கொள்ளாமல் காகிதத்திலும் எழுதிக்கொள்ளட்டும். பருத்திச் சட்டை, மூடிய ஷூ, முழுக்க மழித்த முகம். கெமிக்கல் ஆலையில் மழிக்கச் சொல்வது அழகுக்காக இல்லை. தாடி இருந்தால் மூச்சுக் கவசம் முகத்தில் ஒட்டி உட்காராது, வாயு உள்ளே கசியும்.

எழுத்துத் தேர்வு வைத்தால் பெரும்பாலும் சரியானதைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். பாதி டிரேட், பாதி கணக்கும் பொது அறிவும். கணக்கு எட்டாம் வகுப்பு அளவுதான், ஆனால் தொழிற்சாலை உடுப்பில் வரும். மாதிரிக்கு: 8 மணி நேர ஷிஃப்ட், சாப்பாட்டுக்கு 30 நிமிடம், டீக்கு இரண்டு தடவை 10 நிமிடம், ஒரு பீஸுக்கு சைக்கிள் டைம் (செய்து முடிக்கும் நேரம்) 45 விநாடி என்றால் எத்தனை பீஸ்? 480 நிமிடத்தில் 50 போக 430, விநாடியில் 25,800, 45ஆல் வகுத்தால் 573.33. விடை 573. சிலர் இடைவேளையைக் கழிக்க மறப்பார்கள், இன்னும் சிலர் 574 என்று மேலே ஏற்றுவார்கள். அரைகுறைப் பீஸை யாரும் எண்ணுவதில்லை. இதோடு ஒரு அங்குலம் 25.4 மில்லிமீட்டர், ஒரு குதிரைத்திறன் 746 வாட், ஃபர்ஸ்ட் ஆங்கிள் புரொஜெக்‌ஷன் குறியீடு (டிராயிங்கில் வருவது), 5 எஸ் என்ற வேலையிட ஒழுங்கு முறை ஆகியவை திரும்பத் திரும்ப வரும்.

டிரேட் டெஸ்ட்தான் இரண்டாவது ஆளின் "கையே போச்சு". கம்பெனி ரோல் டிரெய்னிக்கு இது நடந்தால் சந்தோஷப்படுங்கள். ஆளின் கையைப் பார்த்து எடுக்கிற இடம் அது. ஃபிட்டருக்கு வழக்கமாக ஒரு எம்.எஸ். ஃபிளாட் (மைல்ட் ஸ்டீல் பட்டை) துண்டைக் கொடுத்து ஸ்கொயர் ஃபிட்டிங்கோ வி ஃபிட்டிங்கோ, அதாவது ஒன்றோடொன்று பொருந்தும் வடிவம், செய்யச் சொல்வார்கள். இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும். அளவு சரியாக வருவதற்கு மதிப்பெண் உண்டு. ஆனால் மேற்பார்வையாளர் பின்னால் நடந்துகொண்டே பார்ப்பது அளவை இல்லை, பழக்கத்தை.

முதல் வேலை ஒரு பக்கத்தைச் சமமாக்கி அதை ஆதாரமாக வைப்பது, அடுத்து அதற்குச் செங்குத்தாக இன்னொரு பக்கம். இந்த இரண்டும் இல்லாமல் மார்க்கிங் போட்டால் கடைசி வரை எதுவும் பொருந்தாது. மார்க்கிங்கைச் சர்ஃபேஸ் பிளேட்டில் ஹைட் கேஜ் வைத்துப் போட வேண்டும், ஸ்கேலும் ஸ்க்ரைபரும் மட்டும் போதாது. ஹேக்ஸாவில் கோட்டுக்கு வெளியே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் விட்டு அறுக்க வேண்டும். கோட்டின் மேலேயே அறுத்தால் ஃபைல் போட இடம் இருக்காது, பீஸ் அங்கேயே போச்சு. பிளேடின் பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் திருப்பி மாட்டுபவர்கள் இருக்கிறார்கள், பேனல் ஆள் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார். சொரசொரப்பான பாஸ்டர்ட் ஃபைலில் இறக்கி, கடைசி 0.1, 0.2 மில்லிமீட்டரை ஸ்மூத் ஃபைலில் எடுக்க வேண்டும். ஃபைல் முன்னால் போகும்போதுதான் அழுத்தம், திரும்பும்போது இல்லை. வைஸ் தாடையின் தடம் முடித்த பக்கத்தில் விழாமல் இருக்க அலுமினியத் தகடோ பித்தளைத் தகடோ வைத்துப் பிடிக்க வேண்டும். ட்ரை ஸ்கொயரை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக் கசியும் ஒளியைப் பார்க்க வேண்டும். துகளை வாயால் ஊதினால் அங்கேயே ஒரு மதிப்பெண் போகும். பிரஷ் எதற்கு இருக்கிறது? முடித்துக் கொடுக்கும் முன் எல்லா ஓரத்திலும் பர் (கூரான பிசிறு) எடுக்க வேண்டும்.

டிரில்லிங் இருந்தால் ஒரு பொறி உண்டு. மெஷின் பக்கத்திலேயே கையுறை வைத்திருப்பார்கள். பாதுகாப்பு என்று நினைத்து மாட்டிக்கொள்பவன் போய்விட்டான். சுற்றும் மெஷினில் கையுறை நூல் மாட்டினால் விரலோடு போகும். கண்ணாடி போட வேண்டும், கையுறை கூடாது. எம் 10 டேப்புக்கு (துளையில் மரை வெட்டும் கருவி) என்ன டிரில் என்று கேட்டால் 8.5, எம் 8க்கு 6.8, எம் 6க்கு 5. பத்திலிருந்து மரை இடைவெளியான பிட்ச் ஒன்றரையைக் கழித்தால் எட்டரை என்று காரணமும் சொல்லத் தெரிந்தால் மனப்பாடம் இல்லை என்று புரிந்துகொள்வார்கள். எவ்வளவு ஆர்.பி.எம். என்று கேட்டால், மைல்ட் ஸ்டீலுக்கு எச்.எஸ்.எஸ். டிரில்லில் வெட்டு வேகம் நிமிடத்துக்கு 25 மீட்டர் என்று வைத்தால் 8.5 டிரில்லுக்கு ஏறக்குறைய 930. மெஷினில் அதற்குக் கீழே உள்ள ஸ்பீடைப் போடுவேன் என்று சொன்னால் போதும். டேப் போடும்போது அரைச் சுற்று முன்னால், கால் சுற்று பின்னால், எண்ணெயோடு. பின்னால் திருப்பாமல் முறுக்கினால் துகள் அடைத்து டேப் உடையும். உடைந்த டேப்பை எப்படி எடுப்பாய் என்பது அடுத்த கேள்வி.

டிரேட் டெஸ்ட் இல்லாத இண்டர்வியூவிலும் வெர்னியர் என்ற அளவு கருவி ஒன்று மேஜையில் இருக்கும். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம், ஏனெனில் ஐ.டி.ஐ. பையன்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு புஷ்ஷை (குழல் போன்ற உலோகத் துண்டு) கொடுத்து "ஓ.டி. எவ்ளோ தம்பி?" என்பார்கள். ஓ.டி. என்றால் வெளிவிட்டம். பையன் உடனே தாடையில் பிடித்து ரீடிங் சொல்வான். சரியான ஆள் முதலில் தாடையைத் துடைப்பான், மூடிப் பார்ப்பான், இரண்டு பூஜ்யமும் நேராக நிற்கிறதா என்று பார்ப்பான். சில இடங்களில் வேண்டுமென்றே பிழையுள்ள வெர்னியரை வைத்திருக்கலாம். மூடிய நிலையில் வெர்னியர் பூஜ்யம் வலப்பக்கம் தள்ளி நின்று, இரண்டாவது கோடு பொருந்தினால் பிழை 0.04 மில்லிமீட்டர், கூட்டல் பக்கம். இப்போது புஷ்ஷைப் பிடிக்கிறான்: மெயின் ஸ்கேலில் 24, வெர்னியரில் 18ஆவது கோடு பொருந்துகிறது. லீஸ்ட் கவுண்ட் (வெர்னியரின் ஒரு கோட்டுக்கான அளவு) 0.02 என்பதால் 18க்கு 0.36. ரீடிங் 24.36, பிழையைக் கழித்தால் 24.32. "24.36 சார்" என்பவனுக்கும் "24.32 சார், இந்த வெர்னியர்ல 0.04 எரர் இருக்கு" என்பவனுக்கும் இடையில்தான் வேலை இருக்கிறது. உள்விட்டத்தை எடுக்கும்போது தாடையை லேசாக அசைத்து அதிகபட்ச அளவை எடுக்க வேண்டும், வெளிவிட்டத்துக்கு அசைத்துக் குறைந்தபட்சத்தை. "இந்த போர் எச் 7, இதை வெர்னியர்லயே செக் பண்ணிடலாமா?" என்று கேட்டால் (எச் 7 என்பது துளைக்கான நுணுக்கமான அளவு வரம்பு) கூடாது, போர் கேஜ் அல்லது பிளக் கேஜ் வேண்டும். மைக்ரோமீட்டர் கொடுத்தால் ராட்செட்டைத் திருப்ப வேண்டும், திம்பிளை இறுக்கக் கூடாது.

கெமிக்கல், உரம், பெட்ரோலியம் சார்ந்த ஆலைகளில் பேனலில் ஒருவர் பாதுகாப்புத் துறைக்காரராக இருப்பார். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயில் அமோனியா கசிந்து மக்கள் வீட்டை விட்டு ஓடியது இந்தப் பகுதிப் பையன்களுக்குத் தெரியும் என்று அவர்களுக்கும் தெரியும். எனவே "அமோனியா வாடை வந்தா எந்தப் பக்கம் போவே?" என்று கேட்டால் வியப்பதற்கு இல்லை. "ஓடுவேன் சார்" என்பது விடை இல்லை. முதலில் காற்றின் திசை காட்டும் துணிக்குழாயான விண்ட் சாக்கைப் பார்க்க வேண்டும். காற்று அடிக்கும் திசையோடு ஓடினால் வாயுவும் கூடவே வரும். காற்றுக்குக் குறுக்காக விலகி, பிறகு காற்று வரும் பக்கம் உள்ள அசெம்பிளி பாயின்ட்டுக்குப் போக வேண்டும். அமோனியா தண்ணீரில் நன்றாகக் கரையும் என்பதால் ஈரத்துணியால் மூக்கையும் வாயையும் மூட வேண்டும். ஹைட்ரஜன் சல்பைடு என்றால் "வாடை நின்னு போச்சு, பரவாயில்ல" என்று நினைக்கக் கூடாது, அளவு ஏறினால் மூக்கே மரத்துப் போகும். ஒர்க் பெர்மிட் (எழுத்து மூல வேலை அனுமதி) இல்லாமல் வெல்டிங் இல்லை, டேங்குக்குள் இறங்கும் முன் ஆக்சிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும், பம்ப்பைக் கழற்றும் முன் மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டுப் போட்டு டேக் மாட்ட வேண்டும். இவ்வளவு தெரிந்தாலே ஃப்ரெஷருக்கு அதிகம்.

எச்.ஆர். பேச்சு சுருக்கமாகத்தான் இருக்கும். "நைட் ஷிஃப்ட் வருவியா?" என்றால் யோசிக்காமல் பதில் வர வேண்டும். ஆறு இரண்டு, இரண்டு பத்து, பத்து ஆறு என்ற சுழற்சியில் பஸ் பாயின்ட் எங்கே என்று அவன் திருப்பிக் கேட்டால் நிஜமாகவே வரப் போகிறான் என்று தெரியும். "மேல படிக்கப் போறியா? குரூப் 4 எழுதுறியா?" என்பதற்குப் பின்னால், மூன்று மாதத்தில் ஓடிவிடுவானா என்ற கவலை இருக்கிறது. பகுதி நேரமாகப் படிப்பதாகச் சொல்லலாம். பகல் நேரக் கல்லூரியில் சேரப் போகிறேன் என்றால் கதை முடிந்தது. ஆங்கிலம் வராதே என்ற பயம் ஃபிட்டர் வேலைக்குத் தேவையில்லை. தமிழிலேயே பேசட்டும், கருவிகளின் பெயர், டிராயிங்கில் வரும் சொற்கள் தடுமாறாமல் வந்தால் போதும். பேனலில் தமிழ் தெரியாதவர் ஒருவர் இருந்தாலும் மற்றவர் எடுத்துச் சொல்வார்.

ஒரு கேள்வி மட்டும் வடசென்னைப் பையன்களுக்கு உறுத்தும். "எந்த ஏரியா?" வியாசர்பாடி, காசிமேடு, எண்ணூர் என்று சொன்னதும் எதிரே முகம் மாறுவதைப் பலர் சொல்லிக் கேட்கலாம். "லோக்கல் பசங்க கூட்டம் சேத்துப்பாங்க" என்ற முன்முடிவு சில இடங்களில் இருக்கிறது, அது அநியாயம், மறைக்க ஒன்றும் இல்லை. அதற்காக விலாசத்தை மாற்றிச் சொல்லக் கூடாது, ஆதாரில் இருக்கிறது. ஏரியாவையே சாதகமாக்கலாம்: "கம்பெனிக்கு இருபது நிமிஷம் சார், மழைக்கும் நிக்கமாட்டேன்." வெள்ளம் வந்தால் தென்சென்னையிலிருந்து வருபவன் வரமாட்டான் என்பது அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். காவல் துறை சரிபார்ப்பு கேட்டால் வழக்கு ஏதும் இல்லாதவரை கவலை இல்லை. இருந்தால் மறைக்காமல் எழுத வேண்டும்.

சம்பளம் பேசும்போது சி.டி.சி.யை (கம்பெனிக்கு ஆகும் மொத்தச் செலவை) கேட்டு மகிழ்ந்துவிட வேண்டாம். கணக்கு இப்படி: மொத்தச் சம்பளம் 18,000, அதில் அடிப்படையும் பஞ்சப்படியும் 12,000 என்று வைத்துக்கொள்வோம். பி.எஃப். 12 விழுக்காடு 1,440, இ.எஸ்.ஐ. 0.75 விழுக்காடு 135. கைக்கு 16,425. கேன்டீன், பஸ் பிடித்தம் இருந்தால் இன்னும் குறையும். முதலாளி கட்டும் பி.எஃப்., இ.எஸ்.ஐ. பங்கையும் சேர்த்து இதையே 20,000 சி.டி.சி. என்று சொல்வார்கள். இரண்டு பேர் ஒரே வேலைக்கு "பதினாறு" என்றும் "இருபது" என்றும் சொல்வதன் ரகசியம் இதுதான். சட்டப்படியான அப்ரண்டிஸுக்குப் பி.எஃப். பிடிக்க மாட்டார்கள். கேட்க வேண்டியது ஒன்றுதான்: "சார், எல்லாப் பிடித்தமும் போக அக்கவுண்ட்ல எவ்ளோ ஏறும்? ஓவர்டைம் என்ன ரேட்?"

மூன்றாவது ஆளிடம் பணம் கேட்டது பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. யூனிஃபார்ம் டெபாசிட், கேட் பாஸ் கட்டணம், மெடிக்கல் சார்ஜ், "மேல ஒரு சாருக்கு" என எந்தப் பெயரில் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். கம்பெனியின் பெயரில் ஜிமெயில் முகவரியிலிருந்து வரும் கடிதம், தனி ஆளின் ஜிபே எண், "இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள" என்ற அவசரம், இவை ஒன்றாக வந்தால் மோசடிதான். ஏமாந்துவிட்டால் உடனே 1930க்கு அழைக்க வேண்டும். தாமதிக்கும் ஒவ்வொரு மணி நேரமும் பணம் வேறு கணக்குக்குத் தாவும். அசல் கம்பெனியின் வாசலிலேயே கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் முதல் மாதச் சம்பளத்தில் பங்கு கேட்பதும் நடக்கிறது. அதற்கு ஆதாரமாக மெசேஜை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள், கம்பெனி எச்.ஆருக்கு நேராக எழுதுங்கள்.

பேனலில் தேறியபின் மெடிக்கல். ஆபத்தான செயல்முறை உள்ள ஆலையில் வேலைக்கு அமர்த்தும் முன் மருத்துவப் பரிசோதனை கட்டாயம். கண் பார்வை, நிறக்குருடு, காது, மார்பு எக்ஸ்ரே, நுரையீரல் ஊதல், ரத்தம், சிறுநீர், ரத்த அழுத்தம். கிட்டப்பார்வை இருந்தால் முன்பே கண்ணாடி போட்டுக்கொண்டு போனால் போதும். நிறக்குருடு இருந்தால் எலக்ட்ரீஷியன், கிரேன், ஃபோர்க்லிஃப்ட் வேலைக்குத் தடை ஆகலாம்; அதை வேலை தேடும் முன்பே ஒரு கண் மருத்துவரிடம் பார்த்துக்கொண்டால் டிரேடையே யோசித்து எடுக்கலாம். காதில் அழுக்கு அடைத்திருந்ததால் கேட்கும் சோதனையில் நின்றுபோகிறவர்கள் உண்டு. முதல் நாள் இரவு தூங்காமல், காலையில் இரண்டு டீ அடித்துவிட்டு ஓடினால் இருபது வயதுப் பையனுக்கும் அழுத்தம் ஏறிக் காட்டும். உடனே "அன்ஃபிட்" எழுத மாட்டார்கள், ஒரு வாரம் கழித்து வரச் சொல்வார்கள். அந்த ஒரு வாரத்தில் பட்டியல் நகர்ந்துவிடும்.

நான்காவது ஆளின் மூன்று மாத மௌனத்துக்கு வருவோம். "செலக்டட்" என்று வாயால் சொல்வதற்கும் ஆஃபர் லெட்டருக்கும் நடுவில், அந்த மாதம் எத்தனை பேரைச் சேர்க்கலாம் என்ற எண்ணிக்கைக்கு மேலிடத்து அனுமதி வர வேண்டும். 40 பேர் தேவை என்று இண்டர்வியூ வைத்து 60 பேரைத் தேர்ந்து, ஆர்டர் குறைந்ததும் 25 பேரை மட்டும் எடுப்பது சகஜம். மீதிப் பேர் காத்திருப்புப் பட்டியல், ஆனால் அப்படி அவர்களிடம் சொல்ல மாட்டார்கள். பத்து நாள் கழித்து ஒரு தடவை, மாதம் கழித்து ஒரு தடவை எச்.ஆருக்குப் பேசலாம். "சார், என் கேண்டிடேட் நம்பர் இது, மெடிக்கல் இந்தத் தேதி முடிஞ்சுது, வெயிட்டிங்ல இருக்கேனா?" என்று கேட்டால் பதில் வரும், "எப்ப சார் கூப்பிடுவீங்க" என்றால் "கூப்பிடுறோம்" என்றுதான் வரும். அந்த வாய்ப்பேச்சை நம்பி கையில் இருக்கும் வேலையை விடக் கூடாது, வேறு இண்டர்வியூவையும் நிறுத்தக் கூடாது. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்தும் தனியார் துறை முகாம்களுக்கு இந்த இடைவெளியில் போய் வரலாம்.

ஆஃபர் லெட்டர் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது லெட்டர்ஹெட்டில் யார் பெயர் என்று. தொழிற்சாலையின் பெயர் "பணியிடம்" என்ற வரியில் மட்டும் வந்து, மேலே வேறு பெயர் இருந்தால் அது கான்ட்ராக்ட் ரோல். பிறகு காலம் எத்தனை மாதம், நோட்டீஸ் எத்தனை நாள், விலகினால் பயிற்சிச் செலவைக் கட்டச் சொல்லும் பாண்ட் இருக்கிறதா, எவ்வளவு தொகை என்று பார்க்கட்டும். தேதி போடாத ராஜினாமாக் கடிதத்திலோ வெற்றுத் தாளிலோ கையெழுத்துக் கேட்டால் போட வேண்டாம். கையெழுத்துப் போட்ட எல்லாவற்றையும் அன்றே ஒரு நகல் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.